பன்னீர் திராட்சையின் பூர்வீகம்

கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அப்போது நான் படித்த செய்திகளில் எல்லாம் ஒரு வரி தவறாமல் வந்தது. 1832ஆம் ஆண்டு ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் இந்தத் திராட்சையைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்பதே அது. பாதிரியாரின் பெயர் இல்லை. எங்கிருந்து கொண்டுவந்தார் என்பதும் இல்லை. வருடம் மட்டும் கல்வெட்டில் பொறித்ததுபோல் நிற்கிறது.

ராஜபாளையத்துக்காரர்களுக்குப் பன்னீர் திராட்சை அந்நியப் பழம் அல்ல. நம் மேற்கே நிற்கும் மலைக்கு அந்தப் பக்கம்தான் கம்பம் பள்ளத்தாக்கு. காக்கை பறந்தால் பக்கம், பஸ்ஸில் போனால் ஆண்டிபட்டி, தேனி என்று மலையைச் சுற்றிக்கொண்டு போகவேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதியிலும் நம் ஊர் பழைய பேருந்து நிலையத்திலும் தள்ளுவண்டியில் குவித்து விற்பார்கள். கறுப்பு, உருண்டை, உள்ளே கொட்டை, வாயில் போட்டதும் பன்னீர் வாசனை. விதையில்லாத நாசிக் திராட்சை வந்தபிறகு பிள்ளைகள் இதைத் தொடுவதில்லை. கொட்டையைத் துப்பச் சோம்பல்.

இந்தப் பழத்தை உலகம் மஸ்கட் ஹாம்பர்க் என்று அழைக்கிறது. இங்கேதான் சிக்கல். மஸ்கட் ஹாம்பர்க், இங்கிலாந்தில் பெட்ஃபோர்ட்ஷயரில் ரெஸ்ட் பார்க் என்ற பிரபுவின் தோட்டத்தில் சீவர்ட் ஸ்னோ என்ற தோட்டக்காரர் 1850வாக்கில் கலப்பினமாக உண்டாக்கிய வகை. 1850வாக்கில் பிறந்த செடியை 1832இல் கொண்டுவர யாராலும் முடியாது, அவர் எவ்வளவு புனிதமான பாதிரியாராக இருந்தாலும்.

இதை நான் தேடிப்போனது ஆஸ்திரேலியாவில் குடித்த ஒரு வாய் மதுவினால். குடித்த என்று எழுதவே கை கொஞ்சம் கூசுகிறது. 1948இல் மதராஸ் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது. அடுத்த வருடமே பிரதமராகி அதைக் கட்டிக்காத்தவர் நம் ஊர் பி.எஸ்.குமாரசாமி ராஜா. தன் வீட்டையே காந்தி கலை மன்றமாகக் கொடுத்துவிட்டுப் போனவர். அந்த ஊரில் வளர்ந்தவனுக்கு மது என்றால் சந்து முனைக் கடைதான் நினைவுக்கு வரும். மெல்பர்னில் இருக்கும் என் மகளும் மருமகனும் கிங் பள்ளத்தாக்குக்குக் கூட்டிப்போனபோது நான் மலையைப் பார்க்கத்தான் போனேன்.

மெல்பர்னிலிருந்து வடகிழக்கே காரில் மூன்று மணி நேரம். இருபுறமும் மலை, நடுவே சின்ன ஆறு, ஆற்றோரம் கொடி வரிசை. அய்யனார் கோயில் பக்கம் மலையடிவாரத்தில் நின்று பார்த்த கண்ணுக்கு அந்த இடம் உடனே பிடித்துப்போகும். நம் ஊரில் மாந்தோப்பு இருக்கும் இடத்தில் அங்கே திராட்சை.

அந்தப் பள்ளத்தாக்கின் கதை கேட்கத் தக்கது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இத்தாலியிலிருந்து பிழைப்புத் தேடி வந்த குடும்பங்கள் அங்கே புகையிலை போட்டன. புகையிலை நல்ல காசு, ஆனால் நிச்சயமில்லாத காசு. வாங்குகிற கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கைவிட, 2006இல் அந்தப் பகுதியில் புகையிலைச் சாகுபடியே முடிந்துபோனது. அதற்கு முன்பே சில குடும்பங்கள் திராட்சைக்கு மாறியிருந்தன. முதலில் பக்கத்து மிலாவாவில் 1889 முதல் இருக்கும் பிரவுன் பிரதர்ஸ் போன்றவர்களுக்குப் பழமாக விற்றார்கள். பிறகு தாங்களே மது செய்தார்கள். பிட்சினி, டால் சோட்டோ என்ற குடும்பப் பெயர்கள் இன்று போத்தலின் மேல் இருக்கின்றன. பிரெஞ்சு வகைகளை எல்லோரும் போடுகிறார்கள், நாம் நம் பாட்டன் ஊர் வகைகளைப் போடுவோம் என்ற யோசனை இவர்களுக்கு வந்ததில் வியப்பில்லை. வியப்பு என்னவென்றால் அது வரப் பல வருடங்கள் ஆனதுதான். குடியேறியவன் முதல் தலைமுறையில் ஊர்ப் பெயரைச் சொல்லவே தயங்குவான். சிவகாசியிலிருந்து சென்னைக்குப் போனவனுக்கே அந்தத் தயக்கம் உண்டு.

ருசி பார்ப்பது அங்கே ஒரு சடங்கு. கண்ணாடிக் கோப்பையில் இரண்டு விரல் உயரம்கூட ஊற்றமாட்டார்கள். நிறத்தைப் பார்க்கவேண்டும், சுழற்றவேண்டும், மோந்து பார்க்கவேண்டும், பிறகுதான் வாய். துப்புவதற்கு ஒரு பாத்திரமும் மேசைமேல் உண்டு. "அப்பா, முழுங்க வேண்டாம், வாயில வச்சுட்டுத் துப்பிருங்க" என்றாள் மகள். மருமகனோ, "மாமா, காசு குடுத்தாச்சு" என்றார். நான் இருவர் பேச்சையும் பாதிப் பாதி கேட்டேன்.

முதலில் ப்ரொசெக்கோ, சோடாபோல் நுரைப்பது; பச்சை ஆப்பிள் கடித்த மாதிரி. அடுத்து சாஞ்சியோவேசே. இத்தாலியில் கியாந்தி என்ற புகழ்பெற்ற மதுவுக்கு இதுதான் பழம். புளிப்பு முன்னால் வந்து, துவர்ப்பு பின்னால் நின்றது. மூன்றாவது நெபியோலோ. பார்வைக்கு நன்னாரி சர்பத்தில் தண்ணீர் கலந்ததுபோல் வெளுத்துக் கிடந்தது. ஏமாந்துவிடாதீர்கள். வாயில் வைத்ததும் பச்சைப் பாக்கை மென்றதுபோல் ஈறு இழுத்துப் பிடித்தது. அவர்கள் டானின் என்று நீட்டி விளக்கிக்கொண்டிருந்தார்கள். துவர்ப்பை அறுசுவையில் ஒன்றாக வைத்தவர்களுக்கு இந்தப் பாடம் தேவையில்லை என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். வெற்றிலை பாக்குப் போடும் நம் பாட்டிமார்கள் நெபியோலோவுக்கு நல்ல நடுவர்களாக இருந்திருப்பார்கள்.

கடைசியில் மொஸ்காட்டோ. இனிப்பு, சாராயச் சத்து 5, 6 சதவீதம்தான். கோப்பையை மூக்கருகே கொண்டுபோன உடனே எனக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் தள்ளுவண்டி கண்முன் வந்தது. பன்னீர் திராட்சையேதான்! அதே மணம். ஆனால் மது வெள்ளை. ஊற்றிக்கொடுத்த பெண்மணியிடம் எந்தப் பழம் என்று கேட்டேன். கோர்டோ என்றார். மஸ்கட் ஆஃப் அலெக்சாண்ட்ரியா என்ற மிகப் பழைய வகைக்கு ஆஸ்திரேலியாவில் வழங்கும் பெயர் அது. சிசிலிக்குத் தென்மேற்கே பாந்தெல்லேரியா தீவில் இதையே ஜிபிப்போ என்கிறார்கள். உலர்திராட்சையைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து வந்த பெயர்.

அன்றிரவு மகள் வீட்டுக் கணினியில் உட்கார்ந்து தேடியபோது முடிச்சு அவிழ்ந்தது. மரபணுச் சோதனைப்படி நம் பன்னீர் திராட்சையின் பெற்றோரில் ஒன்று இந்த மஸ்கட் ஆஃப் அலெக்சாண்ட்ரியா. மணம் வந்தது இந்த வழியில். இன்னொன்று ஸ்கியாவா கிரோசா என்ற கறுப்பு வகை, இத்தாலியின் வடகோடியில் ஆல்ப்ஸ் மலையடிவாரத்துச் செடி. (அந்த வட்டாரத்தின் பெரும்பகுதி முதல் உலகப் போர் முடியும்வரை ஆஸ்திரியாவின் கையில் இருந்தது. ஆகவே இத்தாலியச் செடி என்று அடித்துச் சொல்லவும் ஓர் அளவு வேண்டும்.) ஜெர்மானியர்கள் இதைத் திரோல் ஊர்ச் செடி என்ற பொருளில் ட்ரொலிங்கர் என்றார்கள். இங்கிலாந்தில் இதன் பெயர் பிளாக் ஹாம்பர்க். லண்டன் பக்கம் ஹாம்டன் கோர்ட் அரண்மனையில் 1768இல் நட்டு இன்றும் காய்க்கிற உலகின் மிகப் பெரிய திராட்சைக் கொடி இந்த வகைதான். ஆக நம் தள்ளுவண்டிப் பழம் பாதி ஆல்ப்ஸ், பாதி மத்தியதரைக் கடல், பிறந்தது இங்கிலாந்து, ஒட்டிக்கொண்டது ஒரு ஜெர்மானியத் துறைமுகத்தின் பெயர்.

பன்னீர் என்று நம்மவர்கள் வைத்த பெயர்தான் எல்லாவற்றிலும் சரியானது. மஸ்கட் திராட்சையில் மணம் கொடுக்கும் பொருள்களில் ஜெரானியால் ஒன்று. ரோஜாவிலும் அதுவே இருக்கிறது. வேதியியல் படிக்காத யாரோ ஒருவரின் மூக்கு அதைக் கண்டுபிடித்துவிட்டது.

பெயர் என்றதும் ப்ரொசெக்கோ வழக்கு நினைவுக்கு வருகிறது. ப்ரொசெக்கோ என்பது இத்தாலியில் ட்ரியெஸ்ட் நகரத்துப் பக்கம் ஓர் ஊர். பழத்துக்கும் அதே பெயர்தான் வழங்கியது. டால் சோட்டோ குடும்பத்தலைவர் ப்ரொசெக்கோ விளையும் வால்தொப்பியாதெனே என்ற ஊரில் பிறந்தவர். 1999இல் கிங் பள்ளத்தாக்கில் அந்தக் கொடியை நட்டார். 2009இல் இத்தாலி, பழத்தின் பெயர் இனி கிளேரா, ப்ரொசெக்கோ என்பது எங்கள் வட்டாரத்தின் பெயர் என்று சட்டம் போட்டது. ஆஸ்திரேலியர்கள் ஒப்பவில்லை, நாங்கள் நட்டபோது அது பழத்தின் பெயர் என்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தோடு நடந்த வர்த்தகப் பேச்சுகளில் எல்லாம் இந்தத் தகராறு தலைநீட்டியது.

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019இல் குறியீடு வாங்கிய நமக்கு இத்தாலியின் கட்சி எளிதில் புரியும். நெடுஞ்சாலையில் எங்கோ ஒரு கடையில் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா என்று பலகை மாட்டியிருந்தால் நமக்கு வயிறு எரிகிறதல்லவா? ஆனால் அந்தக் கடைக்காரர் ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்து, அப்பாவிடம் கிண்டக் கற்றுக்கொண்டு, பிழைப்புக்காகப் போனவராக இருந்தால்? எனக்கு மனம் டால் சோட்டோ பக்கமே சாய்கிறது.

இத்தாலிய மது பாண்டிய நாட்டுக்கே புதிதல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறனை நக்கீரர் பாடிய புறநானூற்று 56ஆம் பாட்டில் யவனர் நல்ல கலத்தில் கொண்டுவந்த குளிர்ந்த மணமுள்ள மது வருகிறது. அரிக்கமேட்டில் 1945இல் வீலர் தோண்டியபோது மது கொண்டுவரும் சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. அவற்றில் இத்தாலியின் கம்பானியாச் சாடிகளும் உண்டு. ஆனால் நாம் இதை வைத்து ரொம்பவும் நெஞ்சு நிமிர்த்த வேண்டாம். முதல் நூற்றாண்டின் பெரிப்ளூஸ், குஜராத்துப் பரிகாசா துறையில் இத்தாலிய மதுவுக்கு மவுசு என்கிறது. முசிறிக்கு வரும்போது மது, அதுவும் அதிகமில்லை என்று முடித்துக்கொள்கிறது. ரோமானியச் சாடி என்று இந்தியாவில் எண்ணிவந்த ஓடுகளில் சில மெசபடோமியா பக்கத்தவை என்றும் பின்னால் தெரியவந்தது. அரசனின் பொற்கிண்ணத்தில் இருந்தது ஊரார் குவளையில் இருந்திருக்காது.

மறுபடி 1832க்கு வருவோம். அதே 1832இல்தான் ஜேம்ஸ் பஸ்பி என்பவர் ஸ்பெயினிலும் பிரான்சிலும் சேகரித்த நூற்றுக்கணக்கான திராட்சைக் குச்சிகளைச் சிட்னியில் கொண்டுபோய் இறக்கினார். அங்கே இது பட்டியலோடு பதிவானது, வகை வகையாகப் பெயர் உண்டு. நம் கதையில் பட்டியலே கிடையாது. இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். மதுரை மிஷனுக்குப் பிரெஞ்சு இயேசு சபையார் வந்து சேர்ந்தது 1838இல். அதற்கு முன் இந்தப் பக்கம் பிரெஞ்சுப் பாதிரியார் என்றால் பாண்டிச்சேரியை இடமாகக் கொண்ட பாரிஸ் வேத போதக சபையாரில் ஒருவராக இருக்கவேண்டும். இருக்கலாம், பூசைக்குத் திராட்சை ரசம் இல்லாமல் முடியாது, கப்பலை நம்பியிருக்கும் பாதிரியார் சொந்தமாக ஒரு கொடி வைக்க ஆசைப்பட்டிருப்பார். இராயப்பன்பட்டி, ஆனைமலையன்பட்டி வட்டாரத்தில் கிறிஸ்தவ வழக்கத்தோடு திராட்சையும் சேர்ந்து வேரூன்றியதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆனால் அவர் கொண்டுவந்தது இந்தப் பழம் அல்ல. வேறொரு கொடி வந்திருக்கவேண்டும். அதன் இடத்தை 1850க்குப் பின் எப்போதோ இங்கிலாந்திலிருந்தோ பிரான்சிலிருந்தோ வந்த மஸ்கட் ஹாம்பர்க் பிடித்துக்கொண்டது, பழைய கதையைப் புதுப்பழம் சுவீகரித்துக்கொண்டது என்பதே என் முடிவு. 1895இல் பெரியாறு அணை திறந்து தண்ணீர் வந்தபின் பள்ளத்தாக்கின் முகமே மாறியது. பனிக்காலத்தில் தூங்கி எழுந்து வருடத்துக்கு ஒரு முறை காய்க்கும் குளிர்நாட்டுக் கொடி, தூக்கமே இல்லாத நம் வெயிலில், கவாத்து செய்த நான்கு மாதத்தில் காய்த்தது. ஆளுக்கொரு மாதம் கவாத்து வைத்தார்கள். வருடம் முழுவதும் அறுப்பு. அந்தப் பந்தல்களைக் கண்டுபிடித்து, வெட்டும் நாளைக் கணித்தவர்கள் இராயப்பன்பட்டி, சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி விவசாயிகள். குறியீட்டுச் செய்திகளில் பெயர் தெரியாத பாதிரியாருக்கு ஒரு வரி கிடைத்தது. இவர்களுக்கு அந்த ஒரு வரியும் இல்லை.