முளைப்பு சோதனைக்கு எத்தனை நாள்? காய்கறி விதைகளின் கால வரையறை உருவான வரலாறு

தக்காளிக்கு 14 நாள், வெண்டைக்கு 21 நாள், முட்டைக்கோசுக்கு 10 நாள். விதைப் பரிசோதனை நிலையங்கள் இன்று பின்பற்றும் இந்தக் கால வரையறை ஒரே நாளில் எழுதப்பட்டதன்று. வணிக நேர்மை குறித்த கவலை, நாற்று பற்றிய அறிவு, நாடுகளுக்கிடையிலான உடன்பாடு ஆகிய மூன்றும் சேர்ந்து அரை நூற்றாண்டுக்கு மேல் எடுத்து இதை உருவாக்கின. அந்த வளர்ச்சியைத் தொடர்ந்து பார்த்தால், சோதனை முடிவதற்கு முன்பே ஒருமுறை நாற்றுகளை எண்ணும் முதல் எண்ணிக்கை நாளுக்கு உரிய இடம் இன்னும் உழவர் கைக்கு வரும் விதை அட்டையில் கிடைக்கவில்லை என்பது தெளிவாகும். இக்கட்டுரை நிறுவ முயல்வதும் அதையே.

சந்தை மோசடியும் முதல் நிலையங்களும்

19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் விதை வணிகம் பெருகியபோது கலப்படமும் பெருகியது. மலிவான விதைகளைச் சூடாக்கிக் கொன்று, டர்னிப், முட்டைக்கோஸ் போன்றவற்றின் நல்ல விதையோடு கலந்து விற்றார்கள். செத்த விதை முளைக்காது என்பதால் வயலில் வேற்றுப் பயிர் தலைகாட்டாது, மோசடியும் வெளிப்படாது. விதையைக் கொல்வதையும் சாயமேற்றுவதையும் தடுக்கப் பிரிட்டன் 1869இல் தனிச் சட்டம் இயற்றியது.

அதே ஆண்டு ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியிலுள்ள தாரன்ட் என்ற ஊரில் ஃபிரீட்ரிக் நோபே உலகின் முதல் விதைப் பரிசோதனை நிலையத்தைத் தொடங்கினார். 1876இல் அவர் வெளியிட்ட விதையியல் கையேடு இத்துறைக்கு அடித்தளமானது. 1871இல் டென்மார்க்கில் மோலர் ஹோல்ஸ்டும், 1876இல் அமெரிக்காவின் கனெக்டிகட் வேளாண் ஆய்வு நிலையமும் இப்பணியில் இறங்கினர்.

நிலையங்கள் பெருகியதும் புதிய சிக்கல் எழுந்தது. வெப்பநிலை, ஈரம், விதையைப் பரப்பும் ஊடகம், எண்ணும் நாள் ஆகியவற்றில் ஒன்று மாறினாலும் முளைப்பு விழுக்காடு மாறும். எல்லை கடந்து விற்கப்படும் விதைக்கு, விற்பவர் ஊரில் ஒரு கணக்கும் வாங்குபவர் ஊரில் வேறொரு கணக்கும் வந்தால் வழக்குதான் மிஞ்சும்.

பொது விதிகள்

இதைத் தீர்க்க வல்லுநர்கள் 1906இல் ஹாம்பர்க்கில் கூடினார்கள். 1921இல் கோபன்ஹேகனில் ஐரோப்பியச் சங்கம் ஒன்று உருவானது. 1924இல் கேம்பிரிட்ஜ் மாநாட்டில் அது பன்னாட்டு விதைப் பரிசோதனைச் சங்கமாக விரிந்தது. 1931இல் நெதர்லாந்தின் வாகனிங்கன் மாநாட்டில் முதல் பன்னாட்டு விதிகள் ஏற்கப்பட்டன. அமெரிக்காவிலோ 1908இல் தோன்றிய அரசு விதைப் பகுப்பாய்வாளர் சங்கம் 1917இலேயே தன் விதிகளை வகுத்திருந்தது.

இரு கரையினரும் உடன்படாத கேள்வி ஒன்று இருந்தது: முளைப்பு என்பது எது? உகந்த சூழலில் உயிரோடு முளைவிடும் விதை அனைத்தையும் கணக்கில் கொள்வது ஐரோப்பிய ஆய்வகங்களின் பழைய போக்கு. மண்ணில் பயிராக நிற்கக்கூடியதை மட்டும் கணக்கில் கொள்ள வேண்டும் என்றது அமெரிக்கத் தரப்பு. 1950இல் வாஷிங்டனில் நடந்த பன்னாட்டு மாநாட்டில் டச்சு அறிஞர் ஃபிராங்க் இரண்டையும் பிரித்துக் காட்டினார். ஆய்வகத்தில், வரையறுத்த சூழலில் அளப்பது முளைப்புத்திறன். கடினமான வயல் சூழலிலும் எழும் ஆற்றல் வீரியம் என்று வகுத்தார். இன்றைய வீரிய ஆய்வுகள் அந்தப் பிரிவினையிலிருந்து கிளைத்தவை.

கால வரையறைக்கும் இவ்விவாதத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு. வேர் முனை எட்டிப் பார்த்தால் போதும் என்றால் பல காய்கறிகளுக்குச் சில நாளே போதும். வேர், தண்டு, வித்திலை ஆகியவை குறைவின்றி வளர்ந்த இயல்பான நாற்றையே எண்ண வேண்டும் என்றால், அந்த உறுப்புகள் தெளிவாகும்வரை காத்திருந்தாக வேண்டும்.

பயிருக்கு ஒரு கணக்கு

இன்றைய விதிகளின்படி 400 விதைகளை நூறு நூறாகப் பிரித்துச் சோதிப்பது வழக்கம். எண்ணிக்கை இரு கட்டமாக நடக்கும். தக்காளிக்கு 5ஆம் நாளும் 14ஆம் நாளும். கத்தரி, மிளகாய், கேரட்டுக்கு 7ஆம் நாளும் 14ஆம் நாளும். வெங்காயத்துக்கு 6ஆம் நாளும் 12ஆம் நாளும். முட்டைக்கோசுக்கு 5ஆம் நாளும் 10ஆம் நாளும். வெள்ளரிக்கு 4ஆம் நாளும் 8ஆம் நாளும். வெண்டைக்கு 4ஆம் நாளும் 21ஆம் நாளும் எண்ணுவார்கள். பார்ஸ்லி 28 நாள்வரை செல்லும்.

இந்த வேறுபாட்டுக்கு விதையின் அமைப்பே காரணம். கேரட், பார்ஸ்லி குடும்பத்தில் விதை உதிரும்போது கரு முழுதாக வளர்ந்திருப்பதில்லை. விதைக்குள்ளேயே அது வளர்ந்த பிறகுதான் வேர் வெளிவரும். வெண்டையில் சில விதைகளின் தோல் நீரை உள்ளே விடாது. 21 நாள் கழித்தும் நீர் உறிஞ்சாமல் கெட்டியாகக் கிடப்பவற்றைக் கடின விதை என்று தனியே எழுதுகிறார்கள். அவற்றை இறந்த விதைகளோடு சேர்ப்பதில்லை.

கடைசி நாளில் சில விதைகள் அப்போதுதான் முளைக்கத் தொடங்கியிருந்தால் சோதனையை 7 நாள்வரை, நீண்ட சோதனைகளில் குறித்த காலத்தில் பாதிவரை நீட்டிக்க விதியில் இடமுண்டு. முளைப்பு முன்னதாகவே உச்சத்தை எட்டிவிட்டால் முன்பே முடித்துக்கொள்ளலாம். உறக்கத்தைக் கலைக்கக் குளிரில் வைக்கும் நாள்கள் இந்தக் கணக்கில் சேரா.

அவசரமும் மாற்றுவழியும்

விதைப்புப் பருவம் வந்துவிட்டால் 14 நாளும் நீண்டதே. ஹோஹன்ஹைமில் பணியாற்றிய கேயார்க் லாக்கோன் 1942இல் வெளியிட்ட டெட்ரசோலியம் சோதனை இதற்கு ஒரு விடை தந்தது. உயிருள்ள திசு டெட்ரசோலியம் கரைசலில் சிவப்பாக மாறும்; முடிவு ஓரிரு நாளில் தெரியும். ஆனால் அது கருவின் உயிரைக் காட்டுமே தவிர, நாற்றின் வளர்ச்சியைக் காட்டாது. எனவே முளைப்பு சோதனையின் இடத்தை அது பிடிக்கவில்லை.

விரைவையே அளவுகோலாக்கும் முயற்சியும் நடந்தது. 1962இல் மக்வயர், ஒவ்வொரு நாளும் எழும் நாற்றுகளை அந்த நாள் எண்ணால் வகுத்துக் கூட்டும் முளைப்பு வேகக் குறியீட்டை முன்வைத்தார். விதை மூப்படையும்போது முளைப்பு விழுக்காடு சரிவதற்கு முன்பே முளைக்கும் வேகம் குறைந்துவிடுகிறது என்பதால் இதற்கு மதிப்புண்டு.

இந்திய நிலையும் விடுபட்ட எண்ணும்

இந்தியாவின் முதல் விதைப் பரிசோதனை ஆய்வகம் 1961இல் புதுதில்லி வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தில் அமைந்தது. 1966இன் விதைச் சட்டமும் 1968இன் விதை விதிகளும் குறைந்தபட்ச முளைப்புத்திறனை அட்டையில் கட்டாயமாக்கின. தக்காளிக்கும் கத்தரிக்கும் 70, வெண்டைக்கு 65, மிளகாய்க்கு 60 விழுக்காடு என்பது சான்று விதைக்குரிய அளவு. அட்டையில் சோதனை நாளும் காலாவதி நாளும் இருக்கும். முதல் எண்ணிக்கை இருக்காது.

இரு தக்காளிக் குவியல்கள் 14ஆம் நாளில் 80 விழுக்காடு காட்டுவதாகக் கொள்வோம். ஒன்று 5ஆம் நாளிலேயே 70ஐத் தொட்டது. மற்றது அன்று 30இல் நின்றது. அட்டையில் இரண்டும் ஒன்றே. நாற்றங்காலிலோ இரண்டாவது குவியலின் விதைகள் கூடுதல் நாள்கள் மண்ணுக்குள் கிடந்து நாற்றழுகல் நோய்க்கும் மேல்மண் இறுக்கத்துக்கும் இரையாகும். முளைத்தவையும் ஒரே வயதில் இரா. குழித்தட்டில் நாற்று விடுபவர்களுக்கு இது நேரடி இழப்பு.

இறுதி நாளை வகுத்ததன் மூலம் விதைப் பரிசோதனை வரலாறு வணிகருக்கு நீதி வழங்கியது. முதல் எண்ணிக்கை ஆய்வகப் பதிவேட்டில் ஏற்கெனவே இருக்கிறது. அதை எழுதி வைக்கப் புதிய கருவியோ கூடுதல் செலவோ தேவையில்லை. காய்கறி விதை அட்டையில் அந்த எண்ணையும் அச்சிட விதிகளைத் திருத்த வேண்டும். அதுவரை, விதை வாங்கும் உழவர் ஒவ்வொருவரும் முளைப்பு விழுக்காட்டோடு அது எத்தனையாவது நாளில் வந்தது என்றும் கேட்க வேண்டும்.