குரலுக்கு மின்சாரம்



மலையக இலக்கியத்தின் வரலாற்றைச் சொல்ல வருவோர் நாட்டார் பாடலில் தொடங்கி, துண்டுப்பிரசுரம், பத்திரிகை, நூல் என்று செல்வது வழக்கம். அந்தப் பாடலும் கூத்தும் மேடைப் பேச்சும் மலைச்சரிவெங்கும் கேட்கத் துணைநின்ற கருவியொன்று உண்டு. அதுதான் வீட்டிலும் கடைப் பின்னறையிலும் கையால் பூட்டப்பட்ட வால்வு அம்பிளிபயர். தமிழாசிரியனுக்கு அதில் என்ன அக்கறை என்று நீங்கள் கேட்கலாம். வாய்மொழியாக வளர்ந்த இலக்கியத்துக்குக் காதில் விழுவதே பிரசுரம் அல்லவா?

இலங்கையின் ஒலிபரப்பே இத்தகைய கைவேலையில் பிறந்ததுதான். 1921இல் தந்தித் திணைக்களத்தின் பிரதம பொறியியலாளராக வந்தவர் எட்வர்ட் ஹார்ப்பர். கைப்பற்றப்பட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிப் பாகங்களைக் கொண்டு அவரும் சக பொறியியலாளர்களும் ஓர் ஒலிபரப்பியைப் பூட்டினர். 1923இல் கொழும்பு மத்திய தந்தி நிலையத்தின் சிற்றறை ஒன்றிலிருந்து கிராமபோன் இசை பரீட்சார்த்தமாக ஒலிபரப்பாயிற்று. முறையான சேவை 1925 டிசம்பர் 16இல் ஆரம்பமானது. இதற்கிடையில், 1924இல் புகையிரதப் பாதை பதுளையை வந்தடைந்திருந்தது.

அக்காலக் கருவிகளுக்கு உயிர் கொடுத்தது வால்வு. காற்று அகற்றப்பட்ட கண்ணாடிக் குழாயினுள்ளே சூடேறிய மின்வாய் இலத்திரன்களை உமிழ, எதிரேயுள்ள தகடு அவற்றை ஈர்த்துக்கொள்ளும். 1904இல் பிளெமிங் இதனை அமைத்தார். 1906இல் டி பாரஸ்ட் இரண்டுக்கும் நடுவே ஒரு கம்பிவலையை நுழைத்தார். அந்த வலையில் ஏற்படும் மிகச் சிறிய மாற்றம் தகட்டுக்குச் செல்லும் மின்னோட்டத்தை ஆட்டிவைத்தது. மெல்லிய குரல் பெருங்குரலாகும் இரகசியம் இதுவே.

ஆயினும் இவ்வேலையில் கைதேர்ந்தவர்கள் அதிகம் கவலைப்பட்டது மின்வழங்கியைப் பற்றித்தான். மின்மாற்றியிலிருந்து வால்வைச் சூடாக்க 6.3 வோல்ட்டும், தகட்டுக்கு 250 வோல்ட்டுக்கு மேலும் எடுக்க வேண்டும். ஈஇசட்81 போன்ற சீராக்கி வால்வு ஆடலோட்டத்தை ஒருதிசைப்படுத்தும். அதிலே எஞ்சிய துடிப்பை சொக் எனப்படும் கம்பிச்சுருளும் கொள்ளளவிகளும் அடக்கும். அடங்காவிட்டால் செக்கனுக்கு 100 தடவை அதிரும் ரீங்காரம் பாட்டோடு சேர்ந்து வரும். ஒலிவாங்கி தருவதோ சில மில்லிவோல்ட் மாத்திரமே. முன்பெருக்கியிலுள்ள ஈசிசி83 வால்வு ஒரே படியில் அதனை ஏறத்தாழ 50 மடங்காக்கும். அங்கே நுழைந்த இரைச்சலும் அதே அளவு பெருகும். ஆகவே முன்பெருக்கியை மின்மாற்றிக்கு எட்டத்தில் வைப்பார்கள். சூடாக்கும் கம்பிகளை முறுக்கிக் கொண்டுசெல்வார்கள். மின்சாரத்தை நிறுத்திய பின்பும் கொள்ளளவியில் உயிர்குடிக்கும் மின்னேற்றம் தங்கியிருக்கும் என்பதால், அதனைத் தடையியினூடாக இறக்காமல் உள்ளே கைவைப்பதில்லை.

சுத்தமான மின்சாரம் பெறுவது கைத்திறன் சார்ந்தது. மின்சாரத்தையே பெறுவது தோட்டத்தில் வேறொரு பிரச்சினை. நீர்விசையாலும் எண்ணெய் எஞ்சினாலும் இயங்கிய தேயிலைத் தொழிற்சாலையிலும் துரையின் பங்களாவிலும் வெளிச்சம் இருந்த காலத்தில், லயத்துக் காம்பராவில் எரிந்தது மண்ணெண்ணெய் விளக்கு. இலக்சபான நீர்மின் நிலையம் 1950இல் இயங்கத் தொடங்கிய பின்பும் பெரும்பாலான லயங்களுக்கு மின்சாரம் வரப் பல பத்தாண்டுகள் சென்றன. திருவிழாவுக்கு அம்பிளிபயர் வைக்க வேண்டுமானால் தொழிற்சாலையிலிருந்து வயர் இழுக்க அனுமதி கேட்க வேண்டும். இல்லையேல் ஜெனரேட்டருக்கு வரிப்பணம் சேர்க்க வேண்டும் என்று பசறைப் பக்கத்துப் பெரியவர்கள் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். குரல் தொழிலாளருடையது, அதைப் பெருக்கும் விசை தோட்டத்துடையது.

அரசியலிலும் இதுவே நடந்தது. 1947 பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசின் எஸ். எம். சுப்பையா பதுளைத் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் சென்றார். 1948இல் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் வாக்குரிமையும் பறிபோனது. 1952 தேர்தலில் தோட்ட மக்களின் பிரதிநிதியாக ஒருவர்கூட நாடாளுமன்றம் செல்லவில்லை. அதே ஆண்டுகளில்தான் இலங்கை வானொலியின் வர்த்தக சேவை கடல்கடந்தும் புகழ்பெற்றது. மின்சாரமில்லாத இடங்களுக்கென வந்த வால்வு வானொலிகள் 90 வோல்ட் பற்றறியில் பாடின. கேட்பதற்கு உலகமே இருந்தது. பேசுவதற்குக் கோயில் முன்றலும் தொழிற்சங்க மேடையுமே எஞ்சின. எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் வந்தது 2003இல்.

எங்கள் கல்லூரி விஞ்ஞான ஆய்வுகூட அலுமாரியில் அப்படிப்பட்ட அம்பிளிபயர் ஒன்று இருக்கிறது. அலுமினியத் தகட்டில் துளைகள் கையால் அராவப்பட்டவை. அடிப்புறத்தில், ஒவ்வொரு கம்பியின் அருகிலும், பென்சிலால் 'சூடு', 'தகடு', 'மண்' என்று எழுதியிருக்கிறது. கலைச்சொல் அகராதி எதையும் பார்த்து எழுதியதாகத் தோன்றவில்லை. வேலைக்கு வேண்டிய தமிழை ஒரு தொழிலாளி தானே ஆக்கிக்கொண்டிருக்கிறார். இதனையும் எழுத்தாகவே மதிக்கிறேன்.

1947இல் கண்டுபிடிக்கப்பட்ட டிரான்சிஸ்டர் பின்னர் வால்வுகளை ஓய்வுபெறச் செய்தது. அந்தப் பெட்டிகள் இன்று பழைய இரும்புக்காரரின் தராசுக்குப் போகின்றன. ஹாலிஎலவிலோ, நமுனுகுலவிலோ, லுணுகலையிலோ உங்கள் வீட்டுப் பரணில் ஒன்று கிடந்தால், நிறைக்கு விற்குமுன் அதன் அடிப்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். பூட்டியவர் யாரென்று வீட்டு முதியவர்களிடம் கேட்டு, அவர் பெயரையும் ஊரையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். எங்கள் இலக்கிய வரலாற்றில் அவருக்கும் ஓர் அத்தியாயம் உண்டு.