துறை

ஆற்றிலும் குளத்திலும் இறங்கும் இடம் துறை. படித்துறை, தோணித்துறை, துறைமுகம் என விரிந்து, கல்வித்துறை வரை வந்தது. 2001இல் இயங்கத் தொடங்கிய எண்ணூர்த் துறைமுகத்தில் நிலக்கரிக்கும் கார்களுக்கும் எரிவாயுவுக்கும் தனித்தனித் தளங்கள். கணினிச் சர்வர் ஒன்றும் அப்படித்தான், அதன் ‘போர்ட்’களைத் துறை எனலாம்: மின்னஞ்சலுக்கு 25ஆம் துறை, பாதுகாப்பான இணையதளத்துக்கு 443.

ஆங்கிலத்தில் கணினியின் ‘போர்ட்’ வாயிலைக் குறிக்கும் இலத்தீன் ‘போர்ட்டா’வின் வழி வந்தது; கப்பல் நிற்கும் போர்ட்டுக்கு மூலம் ‘போர்ட்டுஸ்’. இருந்தும் ‘வாயில்’ என்பதைவிடத் ‘துறை’யே எனக்குப் பிடிக்கிறது, சரக்கு பிரிந்து இறங்கும் இடமல்லவா!

சர்வரின் ஒரே துறைக்குப் பல இணையதளங்களைத் தேடி வருவோரை எப்படிப் பிரிப்பது? இணையதளங்களுக்கான எச்டிடிபி 1.1 நெறிமுறை 1997இல் வழி சொன்னது: ஒவ்வொரு வேண்டுகோளும் தளத்தின் பெயரைச் சொல்லியே வர வேண்டும்.