அச்சின் தேதியும் கிண்ணத்தின் வயதும்: விக்டோரியா காலத்து அழுத்துக் கண்ணாடியைக் காலம் கணித்தல்

1. சிக்கல்

இங்கிலாந்தின் வடகிழக்கே கேட்ஸ்ஹெட்டில் சவர்பி, டேவிட்சன் ஆலைகளும் சண்டர்லாந்தில் கிரீனர் ஆலையும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் அழுத்துக் கண்ணாடிக்குப் பெயர் பெற்றிருந்தன. உருகிய கண்ணாடியை இரும்பு அச்சில் விட்டு மேலிருந்து தண்டால் அழுத்துவார்கள். பூவேலையோடு கிண்ணம் வெளிவரும். ஒரே அச்சில் மீண்டும் மீண்டும் வார்க்கலாம். ஆகவே, ‘இது எந்தக் காலத்தது?’ என்று கேட்கும்போது உண்மையில் இரண்டைக் கேட்கிறோம்: வடிவம் எப்போது பதிவானது, கையிலிருக்கும் கிண்ணம் எப்போது வார்க்கப்பட்டது. இரண்டையும் ஒன்றாக்கி ஒரே ஆண்டை எழுதிவிடுவதுதான் இத்துறையின் பெரும் பிழை என்பது என் துணிபு.

2. சாய்சதுர முத்திரை

1842 முதல் 1883 வரை பிரிட்டனில் பதிவான வடிவங்களுக்குச் சாய்சதுர முத்திரை உண்டு. உச்சியிலுள்ள சிறு வட்டத்தில் ரோமன் எண் மூன்று இருந்தால் அது கண்ணாடி வகை. நான்கு என்றால் மண்பாண்டம். நான்கு மூலைகளிலும் ஆண்டு, மாதம், நாள், கட்டு எண் ஆகியவை இருக்கும். ஆண்டையும் மாதத்தையும் ஆங்கில எழுத்துகள் குறிக்கும்.

எழுத்தைவிட அது நிற்கும் இடமே முக்கியம். 1867 வரை ஆண்டெழுத்து மேல் மூலையில் நின்றது. 26 எழுத்துகளும் தீர்ந்துபோனதால் 1868 முதல் அதே எழுத்துகள் வலது மூலைக்கு வந்தன. ‘பி’ என்ற எழுத்து மேலே இருந்தால் 1851, வலப்பக்கம் இருந்தால் 1877. இடத்தைக் கவனிக்காமல் எழுத்தை மட்டும் படித்தால் 26 ஆண்டு பிசகும்.

விதிவிலக்கு ஒன்றும் உண்டு. 1878 மார்ச் 1 முதல் 6 வரை ஆண்டுக்கு ‘டி’ போட வேண்டிய இடத்தில் ‘டபிள்யூ’ போட்டார்கள். வலது மூலையில் ‘டபிள்யூ’ கண்டால் அது அந்த ஆறு நாட்களைச் சேர்ந்தது. 1865க்குரிய ‘டபிள்யூ’ மேல் மூலையில் நிற்கும். தேய்ந்த அச்சில் எழுத்துகள் மங்கிவிடும் என்பதால், விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து நிழலைப் படிப்பதே நல்லது.

3. பதிவெண்

1884இல் சாய்சதுரம் போய், 1இலிருந்து தொடரும் பதிவெண் வந்தது. 1885இன் தொடக்க எண் 19,754. 1889இன் தொடக்கம் 1,16,648. 1890இன் தொடக்கம் 1,41,273. எனவே 1,30,000ஐ ஒட்டிய எண் 1889ஐச் சேரும்.

4. ஆலைச் சின்னம்

இங்கேதான் காலம் குறுகுகிறது. சவர்பியின் மயில்தலை 1876 முதல் வருகிறது. கிரீனரின் சிங்கம் முதலில் நட்சத்திரம் ஏந்தியது. ஏறக்குறைய 1885க்குப் பின் கோடரி ஏந்தியது. கோபுரத்திலிருந்து எழும் டேவிட்சனின் சிங்கம் பெரும்பாலும் 1880களுக்கு உரியது. ஒரு வடிவம் 1870களில் பதிவாகியிருந்து, பொருளில் கோடரிச் சிங்கம் இருக்குமானால், வடிவத்துக்கு ஒரு தேதி, வார்ப்புக்கு இன்னொன்று என்பது கண்முன்னே நிரூபணமாகிறது.

அச்சுகள் ஆலைவிட்டு ஆலை மாறியதும் உண்டு. நியூகாசிலின் ஹெப்பெல் ஆலை மூடப்பட்டபின் அதன் அச்சுகளை டேவிட்சன் வாங்கிக்கொண்டார். வடிவத்தின் பதிவைப் பார்த்து ஆலையின் பெயரைச் சொல்வதும் அதனால் ஆபத்தே. அடியில் ‘இங்கிலாந்து’ என்ற சொல் இருந்தால் பெரும்பாலும் 1891க்குப் பிந்தியது. அமெரிக்காவின் மெக்கின்லி சட்டம் இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயரைக் கேட்டது அந்த ஆண்டுமுதல்தான். சொல் இல்லை என்பதால் முந்தியது என்று ஆகிவிடாது.

5. கண்ணாடியின் உடல்

முத்திரையே இல்லாத பொருளுக்கு உடல்தான் சாட்சி. கிண்ணத்துக்குள் விரலை ஓட்டிப் பாருங்கள். அழுத்துக் கண்ணாடியின் உட்புறம் தண்டின் வடிவப்படி வழுவழுப்பாக இருக்கும். அச்சுக்குள் ஊதிய கண்ணாடியில் வெளிப்பூவேலையின் மேடுபள்ளம் உள்ளேயும் தட்டுப்படும். விளிம்பிலிருந்து இறங்கும் மெல்லிய தழும்புகள் அச்சுத் துண்டுகள் பொருந்திய இணைப்புகள். நெருப்பில் காட்டிப் பளபளப்பூட்டிய பொருளில் அவை மழுங்கியிருக்கும்.

நிறமும் உதவும், ஓர் எல்லைவரை. டேவிட்சனின் ‘பேர்லைன்’, விளிம்பில் பால்வெண்மையாகி அடியில் நீலமோ மஞ்சளோ தெளிந்து நிற்கும். அதன் காப்புரிமை 1889. அந்தச் செய்முறையில் வந்த பொருள் அதற்கு முந்தியிருக்க முடியாது. ஆனால் புற ஊதா விளக்கில் பச்சையாக ஒளிர்கிறது என்பதற்காகப் பழமை பேசுவதை நான் ஏற்கவில்லை. அந்த ஒளி கண்ணாடியில் யுரேனியம் இருப்பதைத்தான் காட்டும். யுரேனியக் கண்ணாடி 1830களிலும் வந்தது, இன்றும் வருகிறது.

கடைசியாக அடிப்பாகத் தேய்மானம். பல ஆண்டு மேசையில் நகர்ந்த கிண்ணத்தில், மேசையைத் தொடும் வளையத்தில் மட்டும், பல திசைகளில் ஓடும் நுண்கீறல்கள் இருக்கும். மணல்தாளால் தேய்த்த போலியில் கீறல்கள் ஒரே போக்கில் ஓடும். வளையத்தைத் தாண்டி, மேசை தொடாத பள்ளத்துக்குள்ளும் இறங்கியிருக்கும்.