அம்பயரின் விரல்

ஓசூர் சிப்காட் பேட்டையில் ஞாயிற்றுக்கிழமை ஆலைத் தொழிலாளிகள் கிரிக்கெட் ஆடுவதைப் பார்த்திருக்கிறேன். பந்தடிக்கிற கட்சியே அம்பயரையும் கொடுக்கும். தன் கட்சிக்காரனையே 'அவுட்' என்று அனுப்புகிற மனிதன், ஆட்டம் முடிந்ததும் யாரோடு டீ குடிப்பான்? சண்டைகள் அங்கேதான் முளைக்கின்றன. எல்லை ஊரல்லவா? தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் வசவு கிடைக்கும்.

அவ்வூர் வழியாகப் போகும் சாலையின் ஒரு கோடி பெங்களூர். மறு கோடி சென்னை. பெங்களூர்க்காரரான வி. விக்ரமராஜு 1986 செப்டம்பரில் சேப்பாக்கத்தில் அம்பயராக நின்றார். இந்தியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் டெஸ்ட் பந்தயம். அந்தக் காலத்தில் உள்நாட்டு அம்பயர்களே நிற்பது வழக்கம். ஆஸ்திரேலியா 574 ரன் குவித்தது. டீன் ஜோன்ஸ் வெயிலில் வாடி வதங்கி 210 அடித்தார். ஐந்தாம் நாள் இந்தியாவுக்கு வேண்டியது 348. காவஸ்கர் 90 எடுத்தார். கடைசி ஓவரில் நாலு ரன் பாக்கி, ஒரு விக்கெட் பாக்கி. ரவி சாஸ்திரி மூன்று ரன் எடுத்துக் கணக்கைச் சமமாக்கிவிட்டு எதிர் முனைக்குப் போனார். ஐந்தாவது பந்து மணீந்தர் சிங்கின் காலில் பட்டது. கிரேக் மாத்யூஸ் கத்தினார்; விக்ரமராஜுவின் விரல் உயர்ந்தது.

எல்.பி.டபிள்யூ. என்பது விசித்திரமான குற்றம். கால் குறுக்கிடாவிட்டால் பந்து ஸ்டம்பில் பட்டிருக்குமா என்பதுதான் கேள்வி. நடக்காத ஒன்றைப் பற்றி ஒரு கணத்தில் தீர்ப்புச் சொல்ல வேண்டும். பந்து முதலில் மட்டையில் பட்டது என்று மணீந்தர் சாதித்தார். விக்ரமராஜு தம் தீர்ப்பிலிருந்து இம்மியும் நகரவில்லை. ஆட்டம் சமனில் முடிந்தது. டெஸ்ட் சரித்திரத்தில் அப்படி நேர்ந்தது, 1960ல் பிரிஸ்பேனுக்குப் பிறகு, இரண்டாவது தடவை. ஆட்டம் அழியாப் புகழ் பெற்றது. அதன் கடைசி வரியை எழுதியவரோ அதன் பிறகு ஒரு டெஸ்டில்கூட நிற்கவில்லை.

இரண்டே மாதத்தில் லாகூரில் வேறொரு காட்சி. பாகிஸ்தான் ஜயித்தால் அம்பயரால்தான் ஜயித்தது என்ற பேச்சு இம்ரான் கானுக்கு அலுத்துப்போயிருந்தது. மேற்கிந்தியத் தீவுகளுடன் ஆடிய டெஸ்டுக்கு இந்தியாவிலிருந்து வி. கே. ராமசாமியையும் பிலூ ரிப்போர்ட்டரையும் வரவழைத்தார்கள். பாகிஸ்தான் இன்னிங்ஸ் தோல்வி அடைந்தது. ஆனால் அம்பயர் மேல் பழி சொல்ல யாருக்கும் வழியில்லை!

அந்த யோசனை மெல்ல மெல்லச் சட்டமாயிற்று. 1994 முதல் ஒரு அம்பயர் வெளிநாட்டவர். 2002 முதல் இருவருமே. நம் சென்னை வெங்கட்ராகவன் 73 டெஸ்டுகளில் நின்று, 2004ல் ஓய்வு பெறும்வரை, பல தேசங்களின் மதிப்பைச் சம்பாதித்தார். அயலூர்க்காரனின் விரலை உலகம் நம்பியது.

ஆனால் இந்தச் சட்டத்துக்குள் ஒரு துக்கமும் ஒளிந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. சொந்த வீட்டில் எவனும் நியாயமாக இருக்கமாட்டான் என்று எழுதி ஒட்டியதுபோல் இல்லையா? விக்ரமராஜு அதற்கு நேர்மாறான சாட்சி. தீர்ப்பு சரியோ தவறோ, நாடே ஒரு ரன்னுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தபோது, அவர் தம் கண் கண்டதைச் சொன்னார்.

2020ல் கொரோனா வந்தது. அம்பயர்கள் கடல் தாண்ட முடியாமல் உள்நாட்டவரே மறுபடி நின்றார்கள். 2021 பிப்ரவரியில் அதே சேப்பாக்கத்தில் இங்கிலாந்துடன் நடந்த முதல் டெஸ்டில் நிதின் மேனனும் அனில் சௌத்ரியும் நின்றார்கள். இப்போது சந்தேகம் வந்தால் மேல்முறையீடு உண்டு; பந்தின் பாதையைக் கோடு போட்டுக் காட்ட யந்திரமும் உண்டு. தவறிய தீர்ப்பைத் திருத்திவிட்டு அம்பயர் அடுத்த பந்தைப் பார்க்கலாம்.

விக்ரமராஜுவிடம் இருந்தவை இரண்டு கண்களும் ஒரு விரலும் மட்டுமே.