பேருந்துப் பாதுகாப்புக் கண்காணிப்பு (மலேசியா)

பேருந்துப் பாதுகாப்புக் கண்காணிப்பு என்பது பயணிகளை ஏற்றிச் செல்லும் பேருந்து, அதன் ஓட்டுநர், அதை நடத்தும் நிறுவனம் ஆகிய மூன்றும் சட்டப்படி இயங்குகின்றனவா என்று அரசு அதிகாரிகள் ஆராயும் பணியாகும். மலேசியாவில் இப்பணி ஒரே அலுவலகத்தில் அடங்கவில்லை. உரிமம் வழங்குதல், வாகனச் சோதனை, சாலை அமலாக்கம், விபத்து ஆய்வு என அது பல அமைப்புகளிடையே பகிரப்பட்டுள்ளது. சிலாங்கூரில் கிள்ளானுக்கு வடக்கே உள்ள காப்பார் போன்ற தொழிற்பேட்டை வட்டாரங்களில் பள்ளிப் பேருந்தும் தொழிற்சாலைப் பேருந்தும் அன்றாட வாழ்வோடு கலந்தவை. அதனால் அங்கே இக்கண்காணிப்பு பல குடும்பங்களின் உயிரோடு தொடர்புடையது.

சட்டமும் அமைப்புகளும்

ஓட்டுநர் உரிமம், வாகனப் பதிவு, சாலைக் குற்றங்கள் ஆகியவற்றுக்கு 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் அடிப்படை. அதைச் சாலைப் போக்குவரத்து இலாகா (ஜேபிஜே) அமல்படுத்துகிறது. தீபகற்ப மலேசியாவில் பேருந்து நிறுவனங்களுக்கான உரிமம் 2010ஆம் ஆண்டின் நிலப் பொதுப் போக்குவரத்துச் சட்டத்தின்கீழ் வருகிறது. அப்பொறுப்பை ஏற்றிருந்த ஸ்பாட் ஆணையம் கலைக்கப்பட்டபின், 2019 ஜனவரி முதல் போக்குவரத்து அமைச்சின்கீழ் இயங்கும் அபாட் அமைப்பு அதைக் கவனித்து வருகிறது. 2007இல் தொடங்கப்பட்ட மிரோஸ் எனும் சாலைப் பாதுகாப்பு ஆய்வுக் கழகம் பெரிய விபத்துகளின் காரணங்களை ஆராய்கிறது.

வாகனச் சோதனை

பேருந்துகள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதனைக்குச் செல்ல வேண்டும். 1994 முதல் இச்சோதனையை நடத்திவந்த புஸ்பாகோம் நிறுவனத்தின் தனியுரிமை 2024இல் முடிவுக்கு வந்தது. சோதனையில் பேருந்தின் சக்கரங்களை உருளைகள்மீது ஏற்றி, ஒவ்வொரு சக்கரத்தின் பிரேக் விசையும் அளக்கப்படுகிறது. இடப்பக்கமும் வலப்பக்கமும் பெரிதும் வேறுபட்டால், அவசரத்தில் பிரேக்கை மிதிக்கும்போது வண்டி ஒருபக்கமாக இழுத்துவிடும். அடித்தளம், ஸ்டீயரிங், விளக்கு, புகை ஆகியவையும் பார்க்கப்படுகின்றன.

சோதனையில் தேறிய வண்டி அடுத்த ஆறு மாதமும் அதே நிலையில் இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. நீண்ட இறக்கத்தில் ஓட்டுநர் கால்பிரேக்கையே நம்பினால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். கியரைக் குறைத்து எஞ்சினின் தடையையும் பயன்படுத்த வேண்டும் என்பது அதனால்தான். எனவே சோதனைச் சான்றிதழோடு பராமரிப்புக் குறிப்பேட்டையும் பார்ப்பது கண்காணிப்பாளரின் கடமை.

ஓட்டுநரும் நிறுவனமும்

பேருந்து ஓட்டுபவர் சாதாரண உரிமத்தோடு பி.எஸ்.வி. எனப்படும் பொதுச் சேவை வாகன உரிமமும் வைத்திருக்க வேண்டும். அது காலாவதியாகிவிட்டதா, சம்மன்கள் நிலுவையில் உள்ளனவா என்று அதிகாரி பார்க்கிறார். நெடுந்தொலைவு ஓட்டத்தில் ஓய்வு நேரமும் மாற்று ஓட்டுநரும் கவனிக்கப்படுகின்றன. பெருநாள் காலங்களில் ஜேபிஜே அதிகாரிகள் பயணிகள்போல டிக்கெட் எடுத்து விரைவுப் பேருந்தில் ஏறி, ஓட்டுநர் கைப்பேசி பயன்படுத்துகிறாரா, ஆபத்தாக முந்துகிறாரா என்று நேரில் பார்ப்பதும் உண்டு.

நிறுவனத் தணிக்கை இதைவிடக் கடினமானது. ஐகோப் எனப்படும் தொழில்துறைப் பாதுகாப்பு நடைமுறை ஏட்டிலும் டெப்போவிலும் உண்மையாகப் பின்பற்றப்படுகிறதா என்று பார்ப்பதே அதன் நோக்கம். ஓட்டுநரின் வேலை நேரம், ஜி.பி.எஸ். பதிவு, பழுதுபார்ப்புப் பதிவு ஆகியவற்றை ஒப்பிட்டால்தான் ஏட்டில் உள்ளதற்கும் சாலையில் நடப்பதற்கும் இடையிலுள்ள வேறுபாடு தெரியவரும்.

விபத்துகளும் விதிகளும்

மலேசியாவின் பேருந்துப் பாதுகாப்பு விதிகள் பலவும் உயிரிழப்புக்குப் பின்பே இறுகின. 2007 ஆகஸ்ட் 13இல் பேராக்கின் புக்கிட் காந்தாங் அருகே நடந்த விபத்தில் 20க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஓட்டுநர்மீது பல சம்மன்கள் நிலுவையில் இருந்தது அப்போது வெளிவந்தது. 2013 ஆகஸ்ட் 21இல் கெந்திங் மலைச் சாலையில் பேருந்து பள்ளத்தில் விழுந்து 37 பேர் மாண்டனர். 2019 ஏப்ரல் 7இல் கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்தின் சரக்குப் பகுதி அருகே தொழிலாளர் பேருந்து கால்வாயில் பாய்ந்து 11 பேர் உயிரிழந்தனர்.

2025 ஜூன் 9இல் கெரிக் அருகே கிழக்கு-மேற்கு நெடுஞ்சாலையில் பேருந்து கவிழ்ந்து சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழக மாணவர்கள் 15 பேர் இறந்தனர். அப்பேருந்தின் பெர்மிட் வேறொருவருக்கு வாடகைக்கு விடப்பட்டிருந்தது தெரியவந்ததும், நிறுவனத்தின் உரிமத்தை அபாட் ரத்து செய்தது. பெர்மிட் ஒருவர் பெயரிலும் பேருந்து இன்னொருவர் கையிலும் இருக்கும்போது, பிரேக்கைப் பழுதுபார்க்க வேண்டியவர் யார் என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் போகிறது.

2025 ஜூலை 1 முதல், 2020 ஜனவரியிலும் அதற்குப் பின்னும் தயாரான விரைவு, சுற்றுலாப் பேருந்துகளில் இருக்கை வார் அணிவது கட்டாயம். மீறும் பயணிக்கு 300 ரிங்கிட் அபராதம். அதே ஆண்டு அக்டோபர் முதல் கனரக வாகனங்களுக்கான வேகக் கட்டுப்பாட்டுக் கருவி கட்டங்கட்டமாகக் கட்டாயமாக்கப்பட்டது.

காப்பார் வட்டாரம்

காப்பாரைக் கூட்டரசுச் சாலை 5 கிள்ளானுடனும் கோல சிலாங்கூருடனும் இணைக்கிறது. முன்பு தோட்டங்கள் சூழ்ந்திருந்த இப்பகுதியில் இன்று தொழிற்சாலைகளும் அனல்மின் நிலையமும் உள்ளன. காலையில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிய பேருந்தும், வேலை மாறும் நேரத்துத் தொழிற்சாலைப் பேருந்தும், கிள்ளான் துறைமுகத்தை நோக்கிச் செல்லும் லாரிகளும் இச்சாலைகளைப் பகிர்ந்துகொள்கின்றன.

விரைவுப் பேருந்துகளைக் கோலாலம்பூரின் பண்டார் தாசேக் செலாத்தான் முனையம் போன்ற ஓரிடத்தில் நிறுத்திச் சோதிக்கலாம். தொழிற்சாலைப் பேருந்துக்கு அத்தகைய முனையம் இல்லை. அது விடியுமுன் குடியிருப்பு வாசல்களிலிருந்து புறப்பட்டு ஆலை வாசலில் நிற்கிறது. அதைக் கண்காணிக்க அதிகாரி டெப்போவுக்கும் ஆலை வாசலுக்கும் தேடிச் செல்ல வேண்டும். பேருந்தை வாடகைக்கு எடுக்கும் ஆலை நிருவாகமும், பிள்ளைகளை அனுப்பும் பெற்றோரும் பெர்மிட்டையும் சோதனைத் தேதியையும் கேட்டறிவது அப்பணிக்குத் துணையாகும்.

மதிப்பீடு

வெளியான சம்மன்களின் எண்ணிக்கையைக் கொண்டு மட்டும் இக்கண்காணிப்பை மதிப்பிட முடியாது. சம்மன் பெரும்பாலும் குற்றம் நடந்தபின் வருகிறது; பழுதான பேருந்து டெப்போவிலேயே நிறுத்தப்படும்போதுதான் உயிர் காக்கப்படுகிறது. பெருநாளுக்கும் பேரிடருக்கும் மட்டும் உரிய நடவடிக்கையாக இல்லாமல், ஆண்டு முழுவதும் நடக்கும் அன்றாடப் பணியாக இது அமைய வேண்டும்.