இசைவும் நம்பிக்கையும்: பல்கலைக்கழகப் பாலியல் புகார்க் குழுக்களில் மாணவர் பங்கு

2017ஆம் ஆண்டு செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மூன்று நிகழ்வுகள் அடுத்தடுத்து நடந்தன. செப்டம்பர் 18 அன்று டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் (ஜே.என்.யு.) செயற்குழு, மாணவர்கள் வாக்களித்துத் தம் பிரதிநிதிகளை அனுப்பிவந்த பாலியல் துன்புறுத்தல் எதிர்ப்புக் குழுவைக் கலைத்து, அதனிடத்தில் உள்ளகப் புகார்க் குழுவை அமைக்க முடிவெடுத்தது. ஒரு வாரம் கழித்து, செப்டம்பர் 25 அன்று, ஆய்வு மாணவி ஒருவரின் வல்லுறவுப் புகார் வழக்கில் கீழமை நீதிமன்றம் விதித்த தண்டனையை டெல்லி உயர் நீதிமன்றம் ரத்துசெய்தது. பலவீனமான மறுப்பை எதிர்த்தரப்பு மறுப்பாகவே புரிந்துகொண்டது என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்பது அத்தீர்ப்பின் தருக்கம். அக்டோபரில் சட்ட மாணவர் ஒருவர் தொகுத்த, கல்வியாளர்கள் மீதான பாலியல் குற்றச்சாட்டுப் பட்டியல் சமூக ஊடகத்தில் வெளியானது. பட்டியலில் பெயர்கள் இருந்தன, விசாரணை இல்லை.

இவற்றுள் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று வாதிடுவது என் நோக்கமன்று. ஆனால் இசைவு என்பது எது, அது மீறப்பட்டால் எங்கே சொல்வது, அங்கே சொன்னால் நம்புவார்களா என்ற மூன்று கேள்விகளும் அந்த இரு மாதங்களில் ஒருசேர எழுந்தன. இசைவைக் கற்பிக்கும் பணியும் புகாரை விசாரிக்கும் அதிகாரமும் ஒரே அமைப்பில், மாணவர்கள் தேர்ந்தெடுத்தவர்களின் பங்கேற்போடு இணைந்திருக்க வேண்டும். பிரித்துவைத்தால் கற்பித்தல் சடங்காகும், விசாரணை நம்பிக்கை இழக்கும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1. சொல்லும் சட்டமும்

தமிழில் ‘சம்மதம்’ என்ற சொல் அதிகம் புழங்கும் இடம் திருமணப் பேச்சு. பெண் பார்க்க வந்தவர்கள் கேட்கிறார்கள். பெண் தலைகுனிந்து நிற்கிறாள். ‘பொண்ணுக்குச் சம்மதம்தான்’ என்று அப்பாவோ மாமாவோ சொல்லிவிடுகிறார். மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்ற வழக்கு பிறக்கும் நிலம் இதுதான். சொல்ல வேண்டியவள் சொல்லாததை வேறொருவர் அவளுக்காகப் பொருள்கொள்ளும் உரிமை இதில் அடங்கியிருக்கிறது. ‘இசைவு’ என்ற சொல்லை நான் விரும்புவதற்குக் காரணம் உண்டு. இசைதல் இருவர் செய்வது. ஒருவர் மௌனமாக நிற்க மற்றவர் இசைந்துவிட முடியாது.

இந்தியச் சட்டம் இந்த இடத்துக்கு வந்துசேர நீண்ட காலம் ஆயிற்று. 1972இல் மகாராஷ்டிரக் காவல் நிலையமொன்றில் பழங்குடிச் சிறுமி வல்லுறவுக்கு ஆளான மதுரா வழக்கில், உடலில் காயமில்லை, கூச்சலிடவில்லை என்று கூறி உச்ச நீதிமன்றம் காவலர்களை விடுவித்தது. 1979இல் உபேந்திர பக்ஷி, லோதிகா சர்க்கார், ரகுநாத் கேல்கர், வசுதா தாகம்வார் என்ற நான்கு சட்ட ஆசிரியர்கள் தலைமை நீதிபதிக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். பணிந்துபோவது வேறு, இசைவது வேறு என்பது அதன் மையம். 1983இல் சட்டம் திருத்தப்பட்டது. 2013ஆம் ஆண்டுத் திருத்தம் இன்னும் தெளிவாகப் பேசியது: சொல்லாலோ சைகையாலோ பெண் தன் விருப்பத்தைத் தெரிவிக்கும் ஐயமற்ற, தன்னிச்சையான உடன்பாடே இசைவு, உடலால் எதிர்க்கவில்லை என்பதை மட்டும் வைத்து இசைந்தாள் என்று கொள்ளக் கூடாது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 63ஆம் பிரிவிலும் இவ்விளக்கம் தொடர்கிறது. மனைவியை மட்டும் இன்னும் விலக்கியே வைத்திருக்கிறது என்பது அதன் பெருங்குறை.

சட்டம் தெளிவாக இருந்தும் 2017ஆம் ஆண்டுத் தீர்ப்பு வந்தது. எனவே சட்ட வாசகத்தைப் பரப்புவது மட்டும் போதாது. அந்த வாசகம் வாழ்வதற்கு ஒரு பழக்கம் வேண்டும்.

2. ஜே.என்.யு. தந்த பாடம்

1997 ஆகஸ்டில் விசாகா வழக்கில் உச்ச நீதிமன்றம் பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்க வழிகாட்டு நெறிகளை வகுத்தது. நம் அலுவலகங்களில் இன்றும் ‘விசாகா கமிட்டி’ என்றே சொல்கிறார்கள். அந்நெறிகளைப் பின்பற்றி 1999இல் ஜே.என்.யு. அமைத்த, 2017இல் கலைக்கப்பட்ட அந்தக் குழு, ‘ஜிஎஸ்கேஷ்’ என்ற சுருக்கப் பெயரால் அறியப்பட்டது. மாணவர், ஆசிரியர், ஊழியர் பிரதிநிதிகளோடு வெளியாரும் அதில் இருந்தனர். மாணவர் பிரதிநிதிகள் தேர்தலில் நின்று வந்தவர்கள். உணர்வூட்டல், நெருக்கடியில் துணைநிற்றல், முறையான விசாரணை ஆகிய மூன்றும் அதன் பணிகள்.

இந்த மூன்றின் சேர்க்கையே அதன் பலம் என்பேன். தேர்தலில் நிற்கும் மாணவர் விடுதி விடுதியாகப் போய், பாலியல் துன்புறுத்தல் எது, குழு என்ன செய்யும் என்று பேசியாக வேண்டும். வாக்குச் சேகரிப்பே விழிப்புணர்வுக் கூட்டமாகிவிடும். நாளை புகார் கொடுக்கப் போகிறவர் குழு உறுப்பினரின் முகத்தை இன்றே பார்த்துவிடுகிறார்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள், மாணவர் தொடர்பான விவகாரங்களில் இளநிலை, முதுநிலை, ஆய்வு ஆகிய நிலைகளிலிருந்து மூவர், வெளிப்படையான ஜனநாயக முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டு உள்ளகப் புகார்க் குழுவில் இடம்பெற வேண்டும் என்கின்றன. துணைவேந்தர், பதிவாளர், துறைத்தலைவர் போன்ற உயர் நிர்வாகிகள் உறுப்பினராகக் கூடாது என்றும் தடுக்கின்றன. மாணவர்களில் சில ஆண்களும் மூன்றாம் பாலினத்தவரும் பாதிப்புக்கு உள்ளாவதை ஒப்புக்கொள்கின்றன. நல்ல விதிகள்தாம். ஆனால் மாணவரின் இருக்கை இங்கே வழக்கு வரும்போது மட்டும் திறக்கிறது. வழக்கு வராத நாளில் அவர் யாருக்கும் தெரியாதவர்.

3. பெட்டியில் விழுந்த சீட்டு

நான் பாடம் சொன்ன கல்லூரி ஒன்றில் வழக்கறிஞர் ஒருவர் ஒன்றரை மணி நேரம் சட்டம் விளக்கினார். இறுதியில் ‘கேள்வி இருக்கிறதா’ என்றபோது அரங்கில் ஒரு கையும் உயரவில்லை. அடுத்த வாரம் ஆய்வு மாணவியர் இருவர், பெயரெழுதாத சீட்டுகளைப் போட ஓர் அட்டைப்பெட்டியை வைத்து முதலாண்டு மாணவியரோடு அமர்ந்தார்கள். பெட்டியிலிருந்து வந்த ஒரு சீட்டு: ‘வேண்டாம்னு சொன்னா விட்டுட்டுப் போயிடுவானோன்னு பயந்து சரின்னு சொன்னேன். இது சம்மதமா அக்கா?’

வழக்கறிஞரிடம் இந்தக் கேள்வி வந்திருக்காது. சட்டத்தின் சொற்களில் இதற்குக் குற்றம் என்றோ குற்றமில்லை என்றோதான் விடை உண்டு. சீட்டு எழுதியவள் கேட்டது தன் அனுபவத்துக்கு ஒரு பெயர். அந்த ஆய்வு மாணவியரில் ஒருத்தி சொன்னாள்: ‘பயத்துல சொன்ன சரி, உன் சரி இல்லம்மா. இதுக்கு மேல என்ன செய்யணும்னு நீதான் முடிவெடுக்கணும். எங்க போகணும்னாலும் நான் கூட வர்றேன்.’ ‘அக்கா’ என்ற அந்த விளியை எந்தச் சுற்றறிக்கையாலும் உருவாக்க முடியாது.

மாணவர் முன்கை எடுத்த இடங்களில்தான் இசைவின் இலக்கணம் முன்னகர்ந்திருக்கிறது. அமெரிக்காவின் ஒஹாயோ மாநில ஆன்டியாக் கல்லூரியில் 1990களின் தொடக்கத்தில் மாணவியர் போராடி ஒரு விதியைப் பெற்றனர்: ஒவ்வொரு படியிலும் வாய்விட்டுக் கேட்டு இசைவு பெற வேண்டும். 1993இல் தொலைக்காட்சி நகைச்சுவை நிகழ்ச்சி அதைக் கேலி செய்தது. 2014இல் கலிபோர்னியா மாநிலம், உடன்பாடாகத் தெரிவிக்கப்படும் இசைவையே கல்லூரிகள் அளவுகோலாகக் கொள்ள வேண்டும் என்று சட்டம் இயற்றியது.

4. எதிர்வாதங்கள்

மாணவர் பங்கேற்பை எதிர்ப்போர் முன்வைக்கும் வாதங்கள் இலேசானவை அல்ல. முதலாவது, தேர்தல் வந்தால் கட்சி வரும். குற்றம்சாட்டப்பட்டவருக்கு நியாயம் கிடைக்காது. ஆனால் நியமனம் பெற்ற பேராசிரியருக்குச் சார்பு இல்லை என்று யார் உறுதி தருவது? அவர் தம் பதவி உயர்வுக்கு நிர்வாகத்தைப் பார்த்திருப்பவர். சார்பைக் கட்டுப்படுத்துவது நடைமுறை: சம்பந்தமுள்ளவர் விலகுதல், இரு தரப்பையும் கேட்டல், எழுத்தில் காரணம் கூறல். இவை மாணவரையும் ஆசிரியரையும் ஒருசேரக் கட்டும்.

இரண்டாவது, இரகசியம் தங்காது. இது மெய்யான கவலை. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் மாணவி ஒருவர் வெளியாள் ஒருவனால் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானபோது, அவருடைய விவரங்கள் அடங்கிய முதல் தகவல் அறிக்கை இணையத்தில் கசிந்தது. மாணவர் யாரும் வைத்திருந்த ஆவணமன்று அது. சென்னை உயர் நீதிமன்றம் மூன்று பெண் ஐபிஎஸ் அதிகாரிகளைக் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்து, 25 லட்சம் ரூபாய் இழப்பீடும் வழங்க உத்தரவிட்டது. இரகசியம் காப்பது வயதைப் பொறுத்ததன்று. பயிற்சியையும் தண்டனை அச்சத்தையும் பொறுத்தது. 2013ஆம் ஆண்டுப் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, புகார் விவரங்களை வெளியிட விதிக்கும் தடை எல்லோருக்கும் ஒன்றே.

மூன்றாவது வாதத்தை நான் ஏற்கிறேன். பிறர் துயரைக் கேட்டுக் கேட்டு மாணவத் தொண்டர்கள் தாமே சோர்ந்துபோகிறார்கள். அக்கா விசாரணை அதிகாரி ஆகக் கூடாது. ஒரு வழக்கில் துணைநின்றவர் அதே வழக்கை விசாரிக்க அமரவும் கூடாது. உளநல ஆலோசகரின் மேற்பார்வையும் பணிக்கால வரம்பும் அவருக்கு வேண்டும். நிர்வாகம் செலவிட வேண்டிய இடம் இது.

5. நம் வளாகங்களில்

தமிழகத்தின் பல கல்லூரிகளில் மாணவர் பேரவைத் தேர்தலே நடப்பதில்லை. அங்கே மானியக் குழு சொல்லும் மூவரும் எப்படித் தேர்ந்தெடுக்கப்படுவார்கள்? வகுப்பில் ‘நல்ல பிள்ளை’ என்று பெயரெடுத்தவரைத் துறைத்தலைவர் சுட்டினால், விதியின் எழுத்து நிறைவேறும், உயிர் போய்விடும். புகார்க் குழுவுக்காவது இரகசிய வாக்கெடுப்பு நடத்துவது முதல் அடி. தேர்ந்தெடுக்கப்பட்டவர்களே ஆண்டு முழுவதும் விடுதிகளில் உரையாடல் நடத்துவது இரண்டாம் அடி. விவரம் வெளியிடாமல், வந்த புகார் எத்தனை, முடிந்தது எத்தனை என்று வளாகத்துக்கு ஆண்டுதோறும் அறிவிப்பது மூன்றாம் அடி.

வன்கொடுமை நடந்தவுடன் நாம் செய்வது வாயிலில் அடையாள அட்டை கேட்பதும், விடுதி நேரத்தைக் குறைப்பதும், கண்காணிப்புக் கேமரா கூட்டுவதும். அயலானைத் தடுக்க இவற்றில் சில உதவலாம். தெரிந்தவனின் கட்டாயத்தை எந்தக் கேமராவும் பதிவுசெய்யாது. அதைச் சொல்ல ஒரு சீட்டும், படிக்க ஓர் அக்காவும், அந்த அக்கா கைப்பிடித்து அழைத்துச் செல்ல நம்பத்தகுந்த ஒரு குழுவும் வேண்டும். நம் கல்லூரிகளில் பெரும்பாலும் இன்று இருப்பது கண்ணாடிப் பலகைக்குள் ஒட்டிய பெயர்ப்பட்டியல். அதில் உள்ளவர்களின் முகம் முதலாண்டு மாணவிக்குத் தெரிகிற நாளில்தான் சட்டம் அவளிடம் வந்துசேர்ந்திருக்கும்.